ஊர்ப்பெயருக்கு ரேஷன் கார்டு கேட்காதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலமும் கார்த்திகைத் தீபமும் உள்ள மாவட்டத் தலைநகரம் அல்ல இது. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் சின்ன ஊர். தென் திருப்பதி என்று இந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் ஜனம் வந்து படியேறும். வடக்கே இருக்கும் திருவண்ணாமலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதை உலகமே அறியும். இணையத்தில் ‘திருவண்ணாமலை’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் டாட் இன் முகவரி ஒன்றுதான் இருக்க முடியும். அது யாருக்கு?

“ஊர்க்காரனுக்கு” என்ற பதில் சட்டென்று வரும். எந்த ஊர்க்காரனுக்கு என்று திருப்பிக் கேட்டால் அந்தப் பதில் அங்கேயே நின்றுவிடும். இரண்டு ஊரிலும் ரேஷன் கார்டு உள்ளவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் பெருமாளுக்கோ அண்ணாமலையாருக்கோ பூக்கட்டிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

வட்டாரப் பெயரில் இணைய முகவரி எடுக்கிறவர் அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும், வெளியூர்க்காரர், அதிலும் வெளிநாட்டில் இருப்பவர், எடுக்கக் கூடாது என்ற கருத்து இப்போது பரவலாக இருக்கிறது. கடைத்தெருவில் பேசினாலும் கல்லூரியில் பேசினாலும் இதையே கேட்கிறேன். “ஊர்ல இல்லாதவனுக்கு ஊர் பேரு எதுக்கு, அண்ணாச்சி?” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களும் அற்பமானவை அல்ல. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் நம் ஊர்ப்பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு பத்து மடங்கு விலை சொல்கிறான் என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று சொல்லி எதையோ விற்கிறான் என்கிறார்கள். ஏமாந்தவன் புகார் கொடுக்கப் போனால் ஆளைப் பிடிக்க முடியவில்லை என்கிறார்கள். மூன்றும் நடப்பவைதான். ஆனால் மூன்றுக்கும் குடியிருப்பு நிபந்தனை மருந்து இல்லை. ஏற்கெனவே நொந்திருப்பவர்கள் மேல்தான் அந்த மருந்து போய் விழும்.

நான் ராஜபாளையத்துக்காரன். இங்கேயே பிறந்து இங்கேயே பிழைக்கிறேன். இப்படி ஒரு விதி வந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, போட்டி குறையும் என்ற வகையில் லாபம்கூட உண்டு. ஆனாலும் இது தவறு என்று சொல்ல எனக்குக் கடமை இருப்பதாக நினைக்கிறேன்.

இந்த வாதத்தின் அடியில் ஊர்ப்பெயர் ஊராருடைய சொத்து, பட்டா நிலம் மாதிரி, என்ற எண்ணம் இருக்கிறது. ஊர்ப்பெயர் அப்படிப்பட்ட பொருள் இல்லை. ராஜபாளையம் என்று உலகத்தில் தேடுகிறவர்களில் பலர் தேடுவது எங்கள் ஊரை அல்ல, எங்கள் ஊர் நாயை. 2005 ஜனவரியில் அஞ்சல்துறை நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. தமிழ்நாடு அரசே இந்த இனத்தைச் சென்னை சைதாப்பேட்டையில் வைத்து வளர்த்ததுண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ இந்த இனத்தைக் காப்பாற்றப் பாடுபடும் ஒருவர் ‘ராஜபாளையம்’ என்ற சொல்லை வைத்து ஒரு முகவரி எடுத்தால் அவர் எங்களிடமிருந்து எதைத் திருடிவிட்டார்?

அது மட்டுமல்ல. ரோமன் எழுத்தில் எழுதும்போது ஊர்ப்பெயருக்கு நிலையான வடிவமே கிடையாது. திருவண்ணாமலையின் முதலெழுத்துக்குப் பக்கத்தில் ஹெச் போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரின் கடைசி அசையை ரயில்வே எழுதுகிற மாதிரி கடைக்காரர் எழுதுவதில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. அரசாலேயே ஒரு வடிவத்தில் நிறுத்த முடியாத பெயருக்கு எந்த எழுத்துக்கூட்டலைப் பூட்டி வைப்பது? ஒன்றைப் பூட்டினால் பக்கத்தில் நான்கு திறந்து கிடக்கும். ஒரு கோடு போட்டு இன்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால் நாற்பது.

கதவை அடைத்துப் பார்த்த அனுபவம் நமக்கே உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். டாட் இன் என்ற நாட்டுக்குறி இந்தியாவுக்கு 1989-இல் ஒதுக்கப்பட்டது. அதன்பின் 2004 வரை அதில் பெயர் வாங்குவது பெரும்பாடு. நிறுவனப் பதிவுச் சான்று கொடு, வணிகக்குறிக்கு ஆதாரம் கொடு என்று காகிதம் கேட்டார்கள். அத்தனை ஆண்டுகளில் சேர்ந்த பெயர்கள் ஏறத்தாழ 7,000. தகவல்தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்த நாடு தன் சொந்தக் குறியில் ஒரு சிறு நகரத்தின் கடைத்தெரு அளவுக்குக்கூட முகவரி வைத்திருக்கவில்லை. எல்லோரும் டாட் காமுக்குப் போனார்கள். கட்டிய பணமும் அமெரிக்காவுக்குப் போனது. 2005-இல் நிக்ஸி என்ற இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு இதைக் கையில் எடுத்து, யாரும், எந்த நாட்டிலிருந்தும் டாட் இன் பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்டது. இன்று 40 லட்சம் அளவில் பெயர்கள் இருக்கின்றன. திறந்துவிட்டதால் இந்தியா எதையும் இழக்கவில்லை. அடைத்து வைத்திருந்த ஆண்டுகளில்தான் இழந்தது.

இன்னொரு விஷயத்தை இந்தக் கருத்துக்காரர்கள் யோசிப்பதே இல்லை. குடியிருப்பவர் என்றால் யார்? வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது. 182 நாள் என்ற கணக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் மனப்பாடம். வாக்காளர் பட்டியல் வேறு விதமாகப் பார்க்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை 2010-இல் திருத்தி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாமல் வெளிநாட்டில் வாழும் இந்தியர் தன் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியைக் காட்டி அந்தத் தொகுதியிலேயே வாக்காளராகச் சேரலாம் என்று நாடாளுமன்றம் முடிவு செய்தது. மஸ்கட்டில் கட்டட வேலை பார்க்கும் ராஜபாளையத்துக்காரர் ராஜபாளையம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது. அந்தத் தொகுதியின் பெயரில் ஒரு இணையப் பக்கம் மட்டும் அவர் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஆட்சியைத் தீர்மானிக்கும் உரிமையை விடவா ஒரு முகவரி பெரிது?

தமிழ்நாடு அரசு அயலகத் தமிழர்களுக்கென்று ஒரு துறை வைத்திருக்கிறது. ஜனவரி 12-ஐ அவர்களுக்கான நாளாக 2022 முதல் கொண்டாடுகிறது. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று சொல்லி, படித்த பள்ளிக்குப் பணம் அனுப்பும்படி கேட்கிறது. கேட்பதில் தவறே இல்லை, அனுப்புகிறவர்களும் மனம் நிறைந்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் கூரை போடப் பணம் கேட்கும்போது “நம்ம ஊர்க்காரர்”, ஊர்ப்பெயரில் முகவரி கேட்கும்போது “வெளிநாட்டுக்காரர்” என்று பேசுவது நியாயமான பேச்சு இல்லை.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விஜயநகர காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் பாளையம்தான் ராஜபாளையமாக வளர்ந்தது. இன்றும் தெருவில் தெலுங்கு கேட்கும். பூ.ச. குமாரசாமி ராஜா இங்கிருந்து போய் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார், பிறகு ஒரிசாவின் ஆளுநராகி அங்கே குடியிருந்தார். தன் வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்தார், அது காந்தி கலைமன்றம் ஆயிற்று. ஆளுநர் மாளிகையில் இருந்த ஆண்டுகளில் அவர் ராஜபாளையத்துக்காரர் இல்லையா? பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எந்தெந்த நாட்டு ஆஸ்பத்திரிகளிலோ காயத்தின் மேல் சுற்றப்படுகிறது. இந்த ஊர்களின் வாழ்வு இந்த ஊர்களின் எல்லைக்குள் அடங்கியதே இல்லை.

இனி தமிழ் இணையத்தின் கதைக்கு வருகிறேன். குடியிருப்பு வாதம் முழுசாக உடைவது இங்கேதான்.

தமிழை இணையத்தில் ஏற்றியவர்களில் முன்னின்றவர்கள் யார்? சிங்கப்பூரில் ஆசிரியராக இருந்த நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியபோது தமிழும் அதில் இடம்பெற்றது அவர் உழைப்பால். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். ஒரு தலைமுறையே அதில்தான் தமிழ் தட்டச்சு செய்யக் கற்றது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர் வைக்க முடியும் என்று 1998-இல் செய்து காட்டியது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு. அவர் தமிழர்கூட இல்லை. தமிழ் எழுத்தில் நாட்டுக்குறி வந்தபோதும் .இலங்கை 2010-இல் வந்தது, .இந்தியாவும் .சிங்கப்பூரும் 2011-இல்தான் வந்தன. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்தது. அந்த இழப்பின் நினைவோடு 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்து அச்சு நூல்களைப் பக்கம் பக்கமாக வருடி ஏற்றுகிறது என்றால், அதில் புலம்பெயர்ந்தவர்களின் பணமும் உழைப்பும் கலந்திருக்கின்றன.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிக நெருக்கமானது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. தமிழ் இலக்கியங்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி மின்னெழுத்தாக்கும் வேலை. அதை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். கூட நின்ற குமார் மல்லிகார்ஜுனன் இருந்தது அமெரிக்காவில். தட்டச்சு செய்தவர்களும் பிழை திருத்தியவர்களும் எத்தனையோ நாடுகளில் சிதறிக் கிடந்தார்கள். ஊரில் இன்ன தெருவில் இருக்கிறோம் என்று சான்று காட்ட அவர்களில் யாரிடம் என்ன இருந்திருக்கும்? ஆனாலும் தங்கள் உழைப்புக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ஒரு ஊர்ப்பெயர்: மதுரை. சங்கம் இருந்த ஊர் என்பதால் வைத்தார்கள்.

குடியிருப்பு விதி அன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? “மதுரை மாநகராட்சி எல்லைக்குள் உங்கள் வீட்டு வரி ரசீது எங்கே?” என்று கல்யாணசுந்தரத்தைக் கேட்டிருப்பார்கள். அவரிடம் இருந்திருக்காது. மதுரையில் வீட்டு வரி ரசீது வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களில் யாரும் அந்த வேலையை அன்று அந்த அளவில் தொடங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் பாசுரங்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தோடு அந்தத் திட்டத்தில் ஏறின. மார்கழியில் கைபேசியைத் திறந்து திருப்பாவை படிக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த வசதியைத் தொடங்கி வைத்தவர்கள் இந்த மாவட்டத்தில் குடியிருக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு “ஊரில் இல்லாதவனுக்கு ஊர்ப்பெயர் எதற்கு” என்று எப்படிக் கேட்க முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை.

சரி, பால்கோவாவுக்கு வருவோம். அங்கேதான் மனம் கொதிப்பவர்கள் அதிகம், கொதிப்பதும் நியாயம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்றால் பாலும் சர்க்கரையும் மட்டும். விறகடுப்பின் மேல் அகலமான வாணலி, நீளக் கரண்டி, பால் அடிப்பிடிக்காமல் நின்றுகொண்டே கிண்டும் ஒரு ஆள். பால் சுண்டி, நிறம் மாறி, கரண்டியில் ஒட்டாமல் திரண்டு வரும் பதத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சர்க்கரையின் அளவையும் நெருப்பின் அளவையும் அவர் முடிவு செய்கிறார். நெருப்பின் முன் நிற்கும் அவர் உடம்பில் வியர்வை வடிந்தபடியே இருக்கும். அந்த உழைப்பின் பெயரை வேறொருவன் மாவும் பால்பவுடரும் கலந்த ஒரு கட்டிக்கு ஒட்டி விற்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தப் பெயருக்குக் காவல் 2019-இல் வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அந்த ஆண்டில். 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் கேட்கும் கேள்வி, விற்கிறவன் எங்கே தூங்குகிறான் என்பதல்ல, பொருள் எங்கே, எப்படி உருவானது என்பது. இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் முறைப்படி கிண்டிய கோவாவை வாங்கி, கோயம்புத்தூரிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு ஊர்ப்பெயருள்ள இணையக் கடையில் விற்கிறார் ஒருவர். அவரால் நம் வாணலிக்காரருக்குக் கூலி கிடைக்கிறது. இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவிலேயே சொந்தக் கட்டடத்தில் இருந்துகொண்டு கலப்படக் கட்டியை விற்கிறார். குடியிருப்பு விதி முதலாமவரைத் தடுக்கும், இரண்டாமவருக்கு அனுமதி கொடுக்கும். ஏமாற்றுக்காரனிடமும் ஆதார் அட்டை இருக்கும் என்ற எளிய உண்மையைக்கூடக் கணக்கில் எடுக்காத விதி இது.

கோயில்களின் கதையும் இப்படியே. பெரிய கோயில்களின் பெயரில் தனியார் இணையதளம் நடத்தி அர்ச்சனைக்கும் பூஜைக்கும் பணம் வாங்கிய விவகாரம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போய், அத்தகைய தளங்களை முடக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. அங்கே எழுந்த கேள்வி, கோயில் நிர்வாகத்தின் அனுமதி இருந்ததா, பக்தரின் பணம் கோயிலுக்குப் போனதா என்பது. தளத்தை நடத்தியவர் சன்னதித் தெருவில் இருந்தாரா கலிஃபோர்னியாவில் இருந்தாரா என்பது அங்கே எதையும் தீர்க்காது. சன்னதித் தெருவில் இருந்துகொண்டு கோயில் பெயரில் பணம் பறிப்பவரைப் பார்க்காத ஊர் எது?

பெயரைப் பிடித்து வைத்து விலை சொல்கிறவர்களைப் பற்றி என் கருத்தும் மற்றவர்கள் கருத்துதான். அது கொள்ளை. அதற்கு வழியும் இருக்கிறது. 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டு, பிறர் பெயரைத் தன் பெயர் போலக் காட்டி வியாபாரம் செய்வதைத் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. டாட் இன் முகவரிகளுக்கென்று நிக்ஸியின் தகராறுத் தீர்வு முறை இருக்கிறது. பெயரை எடுத்தவர் அதில் நியாயமான தொடர்பு இல்லாமல், கெட்ட நோக்கத்தோடு எடுத்தார் என்று காட்டினால் நடுவர் அதைப் பிடுங்கிக் கொடுக்கலாம். வணிகக்குறி வைத்திருப்பவருக்கு இந்த வழி பயன்படும். வெறும் ஊர்ப்பெயர் என்று வரும்போது சிக்கல்தான். பார்சிலோனா டாட் காம் என்ற முகவரியை ஒரு தம்பதி வைத்திருந்தார்கள். 2000-இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் நடுவர் அதை நகராட்சிக்குக் கொடுக்கச் சொன்னார். 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊர்ப்பெயர் வெறும் ஊர்ப்பெயராக இருக்கும்வரை அது யாருடைய வணிகக்குறியும் அல்ல என்று சொல்லி அந்தத் தீர்வை மாற்றியது. எனக்கு இரண்டாவது முடிவே சரியாகப் படுகிறது.

நகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் என்ன வழி என்று கேட்பார்கள். அவர்களுக்கு டாட் ஜிஓவி டாட் இன் இருக்கிறது. அது அரசைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. கல்வி நிறுவனங்களுக்குத் தனி அடுக்கு இருக்கிறது. 2025-இல் ரிசர்வ் வங்கி, வங்கிகள் எல்லாம் பேங்க் டாட் இன் என்ற அடுக்குக்கு மாற வேண்டும் என்று சொன்னது. மோசடித் தளங்களிலிருந்து மக்களைக் காப்பதற்கான ஏற்பாடு அது. அங்கே சோதிப்பது, நீ வங்கியா இல்லையா என்பதை. நம்பிக்கை தேவைப்படும் இடத்தில் செய்யும் தொழிலைச் சரிபார்க்கிறார்கள். இதையே மற்ற இடங்களுக்கும் விரிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

குடியிருப்பு விதி உள்ள நாடுகளில் நடப்பதையும் பார்த்துவிடலாம். சிங்கப்பூர்க் குறியில் பெயர் எடுக்கும் வெளிநாட்டவர் உள்ளூரில் ஒரு தொடர்பாளரைக் காட்ட வேண்டும். விளைவு என்ன? உள்ளூர் முகவரியை வாடகைக்கு விடுவதே ஒரு தொழிலாகிவிட்டது. இப்படி விதி உள்ள நாடு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கட்டணத்தில் ‘உள்ளூர் ஆள்’ ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள் உண்டு. காசு உள்ள பதுக்கல்காரன் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பான். காசில்லாத தொழிலாளிதான் வெளியே நிற்பான். நம் நாட்டில் டாட் இன் பெயருக்கு உரிமையாளரை மறைத்துப் பினாமி போட இடமில்லை என்று நிக்ஸி வைத்திருக்கிறது, அது நல்ல விதி. குடியிருப்பைக் கட்டாயமாக்கினால் அந்தப் பினாமியை நாமே வாசல் வழியாக உள்ளே அழைத்து வருவோம்.

ஐரோப்பாவின் டாட் இயு குறிக்கு ஒன்றியத்துக்குள் வசிக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர் எங்கே வசித்தாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 2019 அக்டோபரில் அவர்களே அதைத் தளர்த்தினார்கள். அந்தத் தளர்வும் பிரிட்டிஷ்காரர்களுக்கு உதவவில்லை. பிரிட்டன் பிரிந்தபின் 2021 ஜனவரி 1 அன்று அங்கிருந்தவர்களின் சுமார் 80,000 முகவரிகள் முடங்கின. அவர்கள் வீடு மாறவில்லை, கடையை மூடவில்லை. எல்லைக்கோடு நகர்ந்தது, முகவரி போயிற்று. எல்லைக்கோடு நகர்வது நமக்குப் புதிதா? இந்த ஊர்கள் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம், பிறகு காமராசர் மாவட்டம், இப்போது விருதுநகர் மாவட்டம்.

புகார் கொடுத்தால் ஆள் கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரு வார்த்தை. ஆளைக் கண்டுபிடிக்க அடையாளம் வேண்டும், குடியிருப்பு வேண்டாம். பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துப் பதிவு செய்யட்டும், எல்லோருக்கும் அந்தக் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் சரிபார்ப்பு என்ற பெயரில் இன்று நடப்பது என்ன? என் சித்தப்பா மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். ஊர்ப்பெயரோடு சேர்த்து எடுத்த ஒரு முகவரியில் இங்குள்ள பழைய கல்வெட்டுகள், குளங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பறவைகள் பற்றிய படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறான். புதுப்பிக்கும் நாள் வந்தது. படிவத்தில் பின்கோடு 626117 என்று போட்டால் இந்தியக் கைபேசி எண் கேட்டது. அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அது வேறு யாருக்கோ போய்விட்டது. ஓடிபி அந்த யாருக்கோ போகிறது. அங்குள்ள எண்ணைப் போட்டால் முகவரியும் எண்ணும் பொருந்தவில்லை என்று படிவம் நிற்கிறது. அங்குள்ள முகவரியைப் போடலாம் என்றால், அவன் இருப்பது தொழிலாளர் முகாம், அஞ்சல் பெட்டி எண் கம்பெனியுடையது. கெடு முடிவதற்கு முந்தின இரவு என் எண்ணைக் கொடுத்து, அவன் அங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நான் இங்கே ஓடிபியைப் படித்துச் சொல்லிப் புதுப்பித்தோம். சட்டப்படி அவனுக்கு முழு உரிமை உள்ள ஒரு முகவரிக்கே இந்தப் பாடு. இதற்கு மேல் குடியிருப்புச் சான்றும் வேண்டும் என்கிறவர்கள் இவன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

நிபந்தனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டலான் மொழிக்காரர்கள் 2005-இல் டாட் கேட் என்ற குறியை வாங்கினார்கள். ஒரு நாட்டுக்கென்று இல்லாமல் ஒரு மொழிக்கும் பண்பாட்டுக்கும் கிடைத்த முதல் குறி அது. அதில் பெயர் எடுக்க பார்சிலோனாவில் வீடு இருக்க வேண்டியதில்லை. அந்த மொழியில் எழுத வேண்டும், அல்லது அந்தச் சமூகத்தோடு தொடர்பு இருக்க வேண்டும். ஆர்ஜென்டினாவில் இருக்கும் கட்டலான்காரரும் அதற்குள் வருவார். எழுதாமல் பெயரைப் பதுக்குகிறவருக்குத்தான் அங்கே நெருக்கடி. இப்படி ஒரு விதியை ஊர்ப்பெயருக்கும் யோசிக்கலாம். பெயரை எடுத்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அந்த ஊர் தொடர்பான எதையாவது அதில் வைக்க வேண்டும், வெறுமனே ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்கவிட்டால் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம் என்று.

உலக அளவில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு புதிய குறிகளுக்கான அடுத்த விண்ணப்பச் சுற்றை 2026 ஏப்ரல் 30 அன்று தொடங்குவதாக அறிவித்தது. விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர். .தமிழ் என்று ஒரு குறியை அரசோ தமிழ் அமைப்புகளோ கேட்டுப் பெறும் நாள் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் வரும். அதில் யார் பெயர் எடுக்கலாம்? சென்னையில் இருப்பவர், யாழ்ப்பாணத்தில் இருப்பவர், பினாங்கில் இருப்பவர், டொரண்டோவில் பிறந்தவர், டர்பனில் நாலாவது தலைமுறையாக வாழ்பவர். இவர்களில் யாரை ‘குடியிருப்பவர்’ என்று பிரித்து உள்ளே விடுவது? ஊர்ப்பெயருக்குச் சொல்லும் விதியை மொழிப்பெயருக்குச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரும் மொழியும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வலிக்கும்.

இன்று உடனே செய்யக்கூடியது வேறு. நிக்ஸியின் தகராறுத் தீர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. வாணலி முன் நிற்பவருக்கும், தறியில் பேண்டேஜ் நெய்பவருக்கும், தன் பெயரை ஒருவன் எடுத்துக்கொண்டான் என்று தெரிந்தால் எங்கே போய் எந்த மொழியில் சொல்வது என்று தெரியாது. வக்கீல் வைக்கக் கட்டுப்படியாகாது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள வியாபாரிகள் சேர்ந்து மனுக் கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுக்கட்டும்: ஆட்சேபத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வழி வேண்டும், சிறு உற்பத்தியாளருக்குக் கட்டணம் குறைய வேண்டும், புவிசார் குறியீடு பெற்ற பெயர்களை வைத்து நடக்கும் மோசடியை நடுவர் நேரடியாக விசாரிக்க வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் பாஸ்போர்ட்டைக் கொண்டே புதுப்பிக்க முடிய வேண்டும். அந்த மனுவைத் தமிழில் எழுதித் தர நான் தயார். முதல் கையெழுத்தையும் போடுகிறேன்.